நம் தெருவுக்கு யார் நிற்பது?

ஞாயிறு முதல் திருப்பலி முடிந்ததும் ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் ஒரு சிறு கூட்டம் கூடுவதுண்டு. இத்தகைய மரத்தடி இல்லாத பங்கு நம்மிடையே அரிது. பத்து நாட்களாகக் குடிநீர் வரவில்லை என்பார் ஒருவர். மூலைத் தெருவிளக்கு தீபாவளியன்று அணைந்தது, கிறிஸ்து பிறப்பு விழாவும் கடந்துவிட்டது, இன்னும் எரியவில்லை என்பார் மற்றொருவர். கல்லறைத் தோட்டத்துக்குச் செல்லும் பாதை சேறும் சகதியுமாய்க் கிடப்பதைச் சொல்லி மூன்றாமவர் தலையில் அடித்துக்கொள்வார். "நம்ம ஆள் ஒருத்தர் பேரூராட்சியில இருந்திருந்தா இப்படி நடக்குமா?" என்று யாரேனும் ஒருவர் பெருமூச்செறிவார். அதன்பின் இறைச்சிக் கடைக்கு நேரமாகிவிடும், கூட்டம் கலையும்.

அந்த 'நம்ம ஆள்' யார்? அவர் ஏன் இதுவரை நிற்கவில்லை? நின்றால் அவருக்கு என்ன நேரும்? இவற்றை விசாரித்து அறியும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. கோவையை அடுத்த பேரூராட்சி ஒன்றில், 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் வார்டு உறுப்பினர் பதவிக்கு நின்ற நம் பங்குச் சகோதரி ஒருவரைச் சந்தித்து நெடுநேரம் உரையாடினோம். ஊரின் பெயரைச் சொன்னால் ஆளின் பெயர் தானே வெளிப்பட்டுவிடுமாதலால் இரண்டையும் விடுத்திருக்கிறோம். உதவி பெறும் நடுநிலைப் பள்ளியொன்றில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஊரார் அவரை 'டீச்சர்' என்றே அழைக்கின்றனர். நாமும் அவ்வாறே குறிப்பிடுவோம்.

முதலில், அந்தத் தேர்தலைப் பற்றிச் சில சொற்கள். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழகத்தின் நகரங்களிலும் பேரூர்களிலும் மக்கள் பிரதிநிதி என்று ஒருவரும் இல்லை. தனி அலுவலர்களே ஆண்டனர். 2022 பிப்ரவரி 19 அன்றுதான் வாக்குப்பதிவு நடந்தது. பேரூராட்சிகளில் மட்டும் 7,600க்கும் மேற்பட்ட உறுப்பினர் இடங்கள். மாநகராட்சிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 52 பேர் வாக்களிக்க, பேரூராட்சிகளிலோ ஏறக்குறைய 75 பேர் வாக்களித்தனர். ஊர் சிறிதாக இருக்குமளவுக்கு வாக்குச் சாவடிக்குச் செல்லும் கால்கள் மிகுதி என்பது இதனால் விளங்கும். தன் வீட்டுச் சாக்கடையைப் பற்றி முடிவு செய்பவர் தனக்குத் தெரிந்த முகமாக இருக்கும்போது மனிதனுக்கு அக்கறை பிறக்கிறது போலும்.

இத்தகைய சிறு மன்றங்கள் குறைந்தும் வருகின்றன. சென்னையின் தென்புறத்தில் தாம்பரம், பல்லாவரம் உள்ளிட்ட ஐந்து நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம் போன்ற ஐந்து பேரூராட்சிகளும் 2021இல் ஒன்றாக்கப்பட்டுத் தாம்பரம் மாநகராட்சி ஆயின. பத்து மன்றங்கள் இருந்த இடத்தில் 70 வார்டுகள் கொண்ட ஒரே மன்றம். பெரிய வரவு செலவும் பெரிய திட்டங்களும் வரும் என்பது உண்மையே. ஆயினும் நடந்தே சென்று எல்லா வீட்டுக் கதவையும் தட்டி வாக்குக் கேட்கக்கூடிய வார்டு அங்கே இனி இல்லை. கையில் பொருளில்லாத எளியவர் துணிந்து நிற்கக்கூடிய இடம் பேரூராட்சி வார்டு ஒன்றே என்பது நம் கருத்து.

இவ்விடத்தில் நம்மவர் பலர் அறியாத ஒரு செய்தியைச் சொல்லியே ஆகவேண்டும். இந்நாட்டில் உள்ளாட்சிக்கு வித்திட்டவர் என்று போற்றப்படும் ரிப்பன் பிரபு ஒரு கத்தோலிக்கர். இங்கிலாந்தின் பிரீமேசன் சங்கத்துக்கே தலைவராக இருந்த அவர், 1874இல் அப்பதவியைத் துறந்து நம் திருச்சபையில் சேர்ந்தார். 1880இல் அவர் இந்தியாவின் வைசிராயாக அமர்த்தப்பட்டபோது, கத்தோலிக்கர் ஒருவருக்கு இப்பதவியா என்று அங்கே முணுமுணுத்தவர்கள் உண்டு. 1882 மே 18 அன்று அவர் வெளியிட்ட தீர்மானம், நகரங்களின் நிர்வாகத்தில் மக்கள் பிரதிநிதிகளுக்கு இடமளித்தது. நிர்வாகம் உடனே சிறந்துவிடும் என்று அவர் வாதாடவில்லை. பொதுக்காரியத்தில் மக்கள் பயிற்சி பெறவேண்டும் என்பதே அவரது நோக்கம். சென்னை மாநகராட்சியின் வெள்ளை மாளிகை அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அதைக் கடந்து செல்லும் நம் குடும்பத்தினருள் எத்தனை பேர் இதை அறிவர்?

நிற்க. டீச்சரின் கதைக்கு வருவோம்.

அவர் குடியிருக்கும் வார்டு அந்தத் தேர்தலில் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டது. தமிழகத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதி மகளிருக்கு என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டிருந்தது. ஒதுக்கீட்டுச் செய்தி வந்ததும் மரத்தடியில் என்ன நடந்தது தெரியுமா? அதுகாறும் தாமே நிற்கப்போவதாகச் சொல்லிவந்த மூவர், தத்தம் மனைவியரை நிறுத்த முற்பட்டனர். "பேருதான் அவளுக்கு, வேலையெல்லாம் நான் பார்த்துக்குவேன்" என்றார் ஒருவர் வெளிப்படையாகவே. மனைவி கையொப்பமிடுவதும் கணவர் மன்றத்து வாசலில் நாற்காலி போட்டு அமர்வதும் நாம் பல ஊர்களில் கண்ட காட்சிதான். சட்டம் கொடுத்த உரிமையை வீட்டிலேயே பறித்துக்கொள்ளும் இவ்வழக்கம் நம் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் இருக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை.

அவ்வாரத்து அன்பியக் கூட்டத்தில் நெகேமியா ஆகமத்தின் மூன்றாம் அதிகாரம் வாசிக்கப்பட்டதாம். எருசலேமின் இடிந்த மதிலை மக்கள் எழுப்பிய வரலாறு அது. பெயர்கள் நிறைந்த நீண்ட பட்டியல். வாசிப்பவருக்கே சலிப்புத் தட்டும். ஆனால் அதில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது: இன்னார் தம் வீட்டுக்கு எதிரே உள்ள பகுதியைப் பழுது பார்த்தார் என்பதே அது. சல்லூம் என்பவரோடு சேர்ந்து அவருடைய புதல்வியரும் மதில் வேலை செய்ததாக அங்கே குறிக்கப்பட்டுள்ளது. வாசித்து முடித்ததும் ஒரு மூதாட்டி, "ஏனுங்க டீச்சர், நீங்களே நிக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டார். எல்லாரும் நகைத்தனர். டீச்சரும் நகைத்தார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை.

கணவர், பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், "நின்னு பாரு. தோத்தா என்ன, சாப்பாடு கிடைக்காமயா போயிரும்?" என்றார். பெங்களூரில் பணிபுரியும் மகனோ தொலைபேசியில் சினந்துகொண்டார். அரசியல் சாக்கடை என்பது அவர் வாதம். "சாக்கடைன்னு தெரிஞ்சுதான் கண்ணு நிக்கிறேன். எங்க தெருவுல அதுதான் பிரச்சினையே" என்று டீச்சர் விடையிறுத்தாராம்.

சாக்கடை என்றதும் நமக்குத் தூய தாமஸ் மோர் நினைவுக்கு வருகிறார். மன்னனின் மனச்சாட்சிக்குத் தன் மனச்சாட்சியை விற்க மறுத்துத் தலைகொடுத்த அவரை, 2000ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அரசியலாளரின் பாதுகாவலராக அறிவித்தார். அவர் இங்கிலாந்தின் லார்டு சான்சலராய் உயர்ந்ததைத்தான் நாம் மறைக்கல்வியில் படிக்கிறோம். அதற்கு முன்னரே, 1510 முதல் இலண்டன் நகரத்தில் துணை ஷெரீப் பொறுப்பில் இருந்து எளியவர்களின் வழக்குகளைத் தீர்த்தார். தேம்ஸ் ஆற்றங்கரை வடிகால்களைக் கவனிக்கும் குழுவிலும் உறுப்பினராய் இருந்தார். புனிதர் ஒருவர் வடிகாலைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார் என்பது நம் உறுப்பினர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும்.

வேட்புமனுத் தாக்கல் ஜனவரி 28இல் தொடங்கிப் பிப்ரவரி 4இல் முடிந்தது. பேரூராட்சி உறுப்பினர் பதவிக்கு வைப்புத்தொகை 1,000 ரூபாய். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு அதில் பாதி. வயது 21 நிறைந்திருத்தல் வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். பேரூராட்சிக்கு வரிப்பாக்கி இருத்தலாகாது. அதன் ஒப்பந்தக்காரராகவும் இருத்தலாகாது. சொத்து, கடன், வழக்கு விவரங்களை உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். இவற்றில் டீச்சருக்குக் கடினமானது எதுவென்று கேட்டோம். குடிநீர்க் கட்டண ரசீதைத் தேடியதுதான் என்றார். மூன்று நாள் தேடி, இறுதியில் பழைய செபப் புத்தகத்துக்குள் அது கிடைத்ததாம்.

அவ்வூரிலேயே அவரைவிடத் தகுதியான ஒருவர் நிற்க முடியாமற் போன செய்தியையும் அவரே நம்மிடம் கூறினார். அடுத்த வார்டு தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே பல்லாண்டுகளாக மாலைப் பாடசாலை நடத்திவரும் நம் பங்கு இளைஞர் ஒருவர் இருக்கிறார். சேரியில் பிறந்தவர்; சேரியிலேயே வாழ்பவர்; தேநீர்க் கடையில் தனிக் குவளையில் குடித்த தந்தையின் மகன். ஆனால் அவர் திருமுழுக்குப் பெற்றவர். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் சேரார். தமிழகத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோராகவே சான்றிதழ் பெறுகின்றனர். சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு நம்மவருக்குத் திறக்கவில்லை. தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் இதற்காகத் தீர்மானம் நிறைவேற்றி நடுவண் அரசைக் கேட்டுக்கொண்டது. அந்த இளைஞர் டீச்சருக்காகத் துண்டறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு, தம் சொந்த வார்டில் வேறொருவருக்கு வாக்களிக்கச் சென்றார்.

மனுவைத் திரும்பப் பெறும் நாள் பிப்ரவரி 7. பிரசாரம் ஓய்ந்த நாள் 17. இடையே பத்தே நாட்கள். கட்சி எதையும் சாராத சுயேச்சை வேட்பாளரான டீச்சர் கேட்ட சின்னம் வேறொருவருக்குப் போயிற்று. கிடைத்த சின்னத்தை முதியவர்களுக்கு விளக்குவதிலேயே இரண்டு நாள் கழிந்ததாம். இளைஞர் இயக்கத்தினர் உற்சாகத்தோடு பங்குத் தந்தையிடம் ஓடினர். "சாமி, ஞாயித்துக்கிழமை பூசையில டீச்சர் பேரை ஒரு வார்த்தை சொல்லிருங்க. இருநூறு ஓட்டு அப்படியே விழுந்துரும்" என்று வேண்டினர். அவர் மறுத்துவிட்டார்.

மறுத்தது அவருடைய சொந்த விருப்பமன்று. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஆட்சியதிகாரத்தில் பங்குகொள்ளும் பொதுப்பதவிகளைக் குருக்கள் ஏற்பதைத் தடை செய்கிறது. கட்சிகளில் அவர்கள் முனைந்து ஈடுபடுவதையும் விலக்குகிறது. அதே சட்டம் பொதுநிலையினருக்கு உலக காரியங்களில் முழுச் சுதந்திரம் அளிக்கிறது. ஆனால் தம் சொந்தக் கருத்தைத் திருச்சபையின் போதனை என்று காட்டிக்கொள்ளலாகாது என்று அவர்களை எச்சரிக்கவும் செய்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில், பொதுநலனுக்காக ஆட்சிப் பொறுப்பின் சுமையை ஏற்போரைப் பாராட்டியிருக்கிறது. ஆகவே நிற்பது நம் கடமைகளுள் ஒன்று. 'கோயில் வேட்பாளர்' என்று நிற்பது முறையன்று. பங்குத் தந்தை அந்த ஞாயிறு மறையுரையில், எல்லாரும் வாக்களியுங்கள், வாக்குக்குப் பணம் வாங்காதீர்கள் என்று மட்டும் சொன்னார். பெயர் ஒன்றையும் சொல்லவில்லை. இளைஞர்களுக்கு அவர்மேல் வருத்தந்தான்.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பேரூராட்சி உறுப்பினர் வேட்பாளர் ஒருவர் செலவிடக்கூடிய உச்சவரம்பு அந்தத் தேர்தலில் 17,000 ரூபாய். டீச்சருக்குச் செலவானது 11,400. நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அவ்வார்டில் நின்ற வேறு சிலர் ஒரே இரவில் அதைப் போலப் பன்மடங்கு செலவிட்டதாக ஊர் பேசுகிறது. உறுப்பினருக்கு அப்போது மதிப்பூதியம் என்று மாதந்தோறும் எதுவும் கிடையாது. 2023 ஜூலை முதல்தான் பேரூராட்சி உறுப்பினருக்கு மாதம் 2,500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஐந்தாண்டு முழுதும் பெற்றாலும் ஒன்றரை இலட்சம். அதற்கு மேல் செலவிட்டு அப்பதவிக்கு வருபவர் அதை எங்கிருந்து எடுப்பார் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க நம் தாய்மாருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் உறையை வாங்குகிறோம். டீச்சரின் சொந்த அன்பியத்திலேயே ஒரு வீட்டில், "மத்தவங்க குடுக்கறதுல பாதியாவது நீங்க குடுக்கலாமுங்களே டீச்சர்" என்று கேட்டார்களாம். அவ்வீட்டுப் பிள்ளைக்கு எழுத்தறிவித்தவர் டீச்சர். "அன்னிக்கு நான் பட்ட வெட்கம் தோத்த அன்னிக்குக்கூடப் படலை" என்று நம்மிடம் சொன்னபோது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

இருபத்தாறு ஆண்டுகளாக அவர் அவ்வூரில் வாழ்கிறார். மரியாயின் சேனையின் உறுப்பினராகக் கத்தோலிக்க வீடுகள் அறுபதையும் உள்ளும் புறமும் அறிவார். யார் வீட்டில் நோயாளி, யார் வீட்டில் சண்டை என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் தம் வீட்டுக்குப் பின்னுள்ள மாரியம்மன் கோயில் வீதியில் ஒரு வீட்டிலும் அவர் அதுவரை கால் வைத்ததில்லை. பள்ளிவாசல் சந்துக்கும் போனதில்லை. வாக்குக் கேட்கப் போனபோதுதான், அந்தச் சந்தில் தம்மிடம் மூன்றாம் வகுப்புப் படித்த பெண்ணொருத்தி கைம்பெண்ணாய்த் தையற்பொறி மிதித்துக்கொண்டிருப்பதைக் கண்டார். "எலெக்சன் இல்லாட்டி நான் அவளைப் பார்த்திருக்கவே மாட்டேன்" என்றார்.

நான்காம் நாள் மாரியம்மன் கோயில் வீதியில் அந்தக் கேள்வி எழுந்தது.

அவ்வீதிக்கும் நம் ஆலய வளாகத்துக்கும் நடுவே ஓர் ஓடை செல்கிறது. ஊரார் அதைப் பள்ளம் என்பர். மழைக்காலத்தில் மேட்டுத் தெருக்களின் நீரெல்லாம் அதன் வழியே குளத்துக்குப் போகவேண்டும். 2021 நவம்பர் மழையில் அது போகவில்லை. மாரியம்மன் கோயில் வீதியின் பதினெட்டு வீடுகளுக்குள் முழங்காலளவு நீர் புகுந்தது. "டீச்சர், உங்களைப் பத்தி எங்களுக்கு ஒரு குறையும் இல்லைங்க. ஆனா ஒண்ணு கேக்கறோம், மனசுல வெச்சுக்காதீங்க" என்று தொடங்கினார் ஒரு பெரியவர். "உங்க சர்ச் காம்பவுண்டுச் சுவர் பள்ளத்துக்குள்ள நிக்குது. அதை நீங்க கேப்பீங்களா?"

டீச்சருடன் சென்றிருந்த நம்மவர் இருவர் முகம் சுளித்தனர். ஒருவர் அவருடைய முந்தானையைப் பற்றி இழுக்கவும் செய்தார். வேட்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் விடைகள் பல உண்டு. பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். விசாரிக்கிறேன் என்று நழுவியிருக்கலாம். டீச்சர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அளந்து பார்க்கச் சொல்றேனுங்க. எங்க சுவர் உள்ள வந்திருந்தா, எடுக்கச் சொல்லி முதல் மனு நான் குடுப்பேன்" என்றார்.

மாலைக்குள் அச்சொல் பங்கு முழுவதும் பரவிவிட்டது. கோயில் சுவரை இடிக்கப்போகிறாள் என்றனர் சிலர். ஓட்டுக்காக நம் ஆண்டவரின் வீட்டையே விலைபேசுகிறாள் என்றனர் வேறு சிலர். அச்சுவர் கட்டியபோது கல் சுமந்தவர்கள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள்; அவர்களுடைய வேதனையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. சிறுபான்மையினராய் வாழும் நமக்கு நம் சுவரின்மேல் ஒரு கை பட்டாலே நெஞ்சு பதறுகிறது. அதற்குக் காரணங்களும் உண்டு. பாடற்குழுவில் இருந்த இரு பெண்கள் டீச்சருடன் வீடு வீடாகச் செல்வதை நிறுத்திக்கொண்டனர். அவர் பேசியது சரியா தவறா என்று பங்குத் தந்தையைக் கேட்டவர்களுக்கு, "சுவர் எங்கே நிக்குதுன்னு எனக்கும் தெரியாது" என்பதே விடையாகக் கிடைத்தது.

பிப்ரவரி 22 அன்று வாக்கு எண்ணப்பட்டது. பதிவான 806 வாக்குகளில் வென்றவர் பெற்றவை 268. டீச்சர் பெற்றவை 254. பதினான்கு வாக்கில் தோற்றார்.

மாரியம்மன் கோயில் வீதியில் அவருக்கு எதிர்பாராத வாக்குகள் விழுந்தன என்றும், நம்மவர் வாக்குகளில் ஒரு பகுதி வேறிடம் போயிற்று என்றும் முகவராய் அமர்ந்திருந்தவர்கள் கணக்கிடுகின்றனர். இயந்திரத்துக்குள் விழுந்த வாக்கு யாருடையது என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். ஆனால் அடுத்த ஞாயிறன்று ஆலயத்தில் சமாதான வாழ்த்துப் பரிமாறும் வேளையில் சிலர் டீச்சரின் பக்கம் திரும்பவில்லை என்பதை நாமே வேறிருவர் வாயிலாகவும் கேட்டறிந்தோம்.

இத்துடன் கதை முடிந்துவிடும் என்றுதான் எல்லாரும் எண்ணினர். டீச்சர் அவ்வாறு எண்ணவில்லை. மார்ச்சு மாதப் பங்குப் பேரவைக் கூட்டத்தில் எழுந்து, தாம் தோற்றுவிட்டாலும் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது என்றும், பேரூராட்சி அளக்கும் முன் நாமே அளந்துவிடுவது நமக்கு மதிப்பென்றும் கூறினார். கூட்டம் இரவு ஒன்பதரை வரை நீண்டது. ஒருவர் வெளிநடப்புச் செய்தார். இறுதியில், கல் சுமந்தவர்களுள் ஒருவரான எழுபத்தெட்டு வயது முதியவர், "நாங்க கட்டறப்ப பள்ளத்துல தண்ணியே இல்லீங்க. அளவு பாக்காமத்தான் கட்டினோம்" என்று சொன்னாராம். அதற்குப்பின் எதிர்ப்பு ஓய்ந்தது. நிலம் மறைமாவட்டத்துக்கு உரியதாகையால் ஆயர் இல்லத்துக்கு எழுதி அனுமதி பெற்றனர். நில அளவையர் புல வரைபடத்தோடு வந்து சங்கிலி பிடித்தார். சுவரின் தென்பகுதி, நாற்பது அடி நீளத்துக்கு, மூன்றரை அடி ஓடைப் புறம்போக்கில் நின்றது.

சுவரை நகர்த்திக் கட்ட ஏறக்குறைய ஒன்றே முக்கால் இலட்சம் ரூபாய் ஆயிற்று. பங்குத் திருவிழாவின் வாணவேடிக்கை அவ்வாண்டு நிறுத்தப்பட்டது; சப்பரத்துக்கு மின் அலங்காரமும் குறைக்கப்பட்டது. இதில் இன்றும் மனத்தாங்கல் உள்ளவர்கள் இருக்கிறார்கள். வென்ற உறுப்பினர், வேறு சமயத்தவர், சுவர் வேலை நடந்தபோது இடிபாடுகளை அள்ளப் பேரூராட்சி வண்டியை அனுப்பி வைத்தார். மாரியம்மன் கோயில் வீதியினர் வேலையாட்களுக்கு மூன்று நாள் தேநீர் கொடுத்தனர்.

2022 மழையில் என்ன ஆயிற்று என்று கேட்டோம். பதினெட்டு வீடுகளில் பன்னிரண்டில் நீர் நுழையவில்லை. கீழ்க்கோடியில் உள்ள ஆறு வீடுகளில் நுழைந்தது. காரணம், ஓடை பெருஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் உள்ள சிறுபாலம் குறுகியது. அது நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தது. பேரூராட்சி அதில் கை வைக்க முடியாது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று பகுதி சபைக் கூட்டம் நடந்தபோது டீச்சர் முதல் வரிசையில் அமர்ந்து இச்செய்தியை எழுப்பினார். தீர்மானம் எழுதப்பட்டுத் துறைக்கு அனுப்பப்பட்டது. விடை வரவில்லை. மீண்டும் எழுதினார். அளவெடுக்க இருவர் வந்து போயினர். பாலம் அப்படியே இருக்கிறது. மனுக்களின் நகல்களை ஒரு பிஸ்கட் பெட்டியில் வைத்திருக்கிறார். தேதி வாரியாக நூல் போட்டுக் கட்டியிருக்கிறது.

மோசே தனியொருவராய் மக்களுக்கு நீதி வழங்கிக் களைத்தபோது, அவருடைய மாமனார் இத்திரோ ஒரு யோசனை சொன்னதை விடுதலைப் பயணத்தில் படிக்கிறோம். ஆயிரவர்க்கும் நூற்றுவர்க்கும் ஐம்பதின்மர்க்கும் பதின்மர்க்கும் தலைவர்களை ஏற்படுத்து என்றார் அவர். கைக்கூலியை வெறுப்பவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடு என்றும் சொன்னார். பதின்மர்க்குத் தலைவனாக வந்தவனை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? விவிலியத்தில் அவன் பெயர் இல்லை. எனினும் அவனிடந்தான் மக்கள் முதலில் வந்திருப்பார்கள்.

நாம் விடைபெறும் வேளையில், மேசைமேல் வாக்காளர் பட்டியலின் நகல் ஒன்று கிடப்பதைக் கண்டோம். பெயர்களுக்கு அருகே பென்சிலில் சிறு குறிப்புகள். இவ்வீட்டில் முதியோர் உதவித்தொகை வரவில்லை; இவ்வீட்டுப் பெண் இடம் மாறிவிட்டாள்; இவ்வீட்டில் குழாய் இணைப்பு இல்லை. அடுத்த தேர்தலிலும் நிற்பீர்களா என்று கேட்டோம்.

"வார்டு பொது ஆயிட்டா வேற யாராச்சும் நிப்பாங்க. பெண்களுக்கே இருந்துச்சுன்னா பார்க்கலாமுங்க" என்றார். பின்னர் எதையோ நினைத்துக்கொண்டவர்போல, "இந்தத் தடவை மாரியம்மன் கோயில் வீதியில இருந்துதான் ஆரம்பிப்பேன்" என்று சொல்லிவிட்டு, பள்ளிவாசல் சந்துக் கைம்பெண்ணின் உதவித்தொகை விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு பேரூராட்சி அலுவலகத்துக்குப் புறப்பட்டார்.